மூணு கல் அடுப்பும் ஒரு மிலிட்டரி லாரியும்

அந்த லாரி முதன்முதலாக எங்கள் தெருமுனையில் வந்து நின்ற அன்று, எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: “தண்ணி வண்டியா? லோடு எவ்வளவு சொல்றாங்க?”

மேடவாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். எங்கள் பக்கம் பெரிய வண்டி ஒன்று தெருவுக்குள் நுழைந்தால், அது தண்ணீர் லாரியாக இருக்கும், இல்லையென்றால் கழிவுநீர் லாரியாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று வந்து நாங்கள் பார்த்ததில்லை.

“இல்லக்கா, வீடு” என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் 28 வருடம் இருந்தவர். இ.எம்.இ. பிரிவு. அதாவது துப்பாக்கி பிடித்ததைவிட ஸ்பேனர் பிடித்ததுதான் அதிகம். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, ஜோத்பூர், தேஜ்பூர், பாரமுல்லா என்று ஊர் ஊராக லாரிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு 2014-ல் சுபேதாராக ஓய்வு பெற்றார். அந்த 28 வருடத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் 9 வருடம்கூடத் தேறாது. ஃபீல்டு போஸ்டிங் என்றால் குடும்பத்துக்கு இடம் கிடையாது. நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, பெண்ணையும் பையனையும் வளர்த்தேன்.

ஓய்வு பெற்று வந்தவர் சில வருடங்கள் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. பையன் வெளியூர் போனான். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, “நான் இருந்த ஊரையெல்லாம் உனக்குக் காட்டணும்” என்றார். சரி, ரயிலில் டிக்கெட் போடுவார் என்று நினைத்தேன். மனுஷர் லாரி வாங்கிவிட்டார்.

ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடுவார்கள். அப்படி ஏலத்தில் எடுத்து, சரிசெய்து, சிவில் பதிவும் வாங்கி வைத்திருந்த ஒருவரிடம் 2022 ஜனவரியில் பிடித்தார். அசோக் லேலண்ட் ஸ்டாலியன். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகிற வண்டி. ரோட்டில் ஏழரை டன்னும், ரோடே இல்லாத இடத்தில் 5 டன்னும் ஏற்றலாம் என்பது ராணுவக் கணக்கு. எல்லைப்புறத்து வீடியோக்களில் வரிசையாக மலையேறும் பச்சை லாரிகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் முக்கால்வாசி இந்த வண்டிதான். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் கோத்து அனுப்புவார்கள். இதற்கு முந்தைய தலைமுறை வண்டி சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1950-களின் கடைசியில் தொடங்கி 1996 வரைக்கும் அதே ஜபல்பூரில் செய்தார்கள். எங்களவருக்கு முதல் காதல் சக்திமான்தான். ஆனால் ‘ஸ்பேர் கிடைக்காத காதலி எதுக்கு’ என்று ஸ்டாலியனைக் கட்டிக்கொண்டதாக அவரே சொல்வார். லேலண்ட் என்றால் சென்னையில் எந்த மூலையிலும் உதிரி கிடைக்கும்.

பணம்? அவருடைய சேமிப்பு பாதி. மீதிப் பாதி, 19 வருட டீச்சர் வேலையில் சேர்ந்த என் பி.எஃப். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்த சண்டைக்கு இது முக்கியம்.

வண்டியின் உடம்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆசைப்பட்டுப் பழைய வேனைப் பிரித்துப்போட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வீடு வைத்த வண்டிக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தர விதி இருக்கிறது. இவர் அதையெல்லாம் பகவத் கீதை மாதிரி அச்செடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார். ராணுவத்துக்காரர் அல்லவா, காகிதத்தில் கில்லாடி.

சித்தாலப்பாக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையை மாத வாடகைக்கு எடுத்து, தகரக் கொட்டகை போட்டு, 2022 முழுக்க வேலை நடந்தது. இரும்புச் சட்டம், அதன் மேல் அலுமினிய ஷீட், நடுவில் சூடு இறங்காமல் இருக்கப் பஃப். உள்ளே கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, குட்டி பாத்ரூம். எல்லாம் ஏற்றினால் பெட்டி மட்டும் 2,400 கிலோ. வண்டியின் சுமைக்கு அது ஒன்றுமே இல்லை.

பெட்டியை லாரியின் சேஸ் மேல் உட்காரவைக்கிற நாள் வந்தது. லாரி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர், “பக்கத்துக்கு மூணு, மொத்தம் ஆறு யு போல்ட் போட்டு முறுக்கிடலாம் சார், பூமி ஆடினாலும் பெட்டி ஆடாது” என்றார். இவரும் தலையாட்டினார். முறுக்கினார்கள். பெட்டி ஆடவே இல்லை. பிரச்னையே அதுதான் என்பது எங்களுக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

2023 பிப்ரவரி. வெள்ளோட்டமாக ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறி, காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். உள்ளே இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறதாம். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பக்கம் போகிற வழியில், மண் பாதையில் ஒதுங்கி ஒரு சின்ன ஓடைக்கரையில் நிறுத்தினோம். என் கையால் அந்தச் சமையல் மேடையில் போட்ட முதல் டீ. நன்றாகத்தான் இருந்தது.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். “ஓடைக்கு அந்தப் பக்கம் நிழல் இருக்கு, வண்டியை அங்க போட்டுடறேன். 50 அடிதான், நீ உள்ளயே இரு” என்றார். ஓடுகிற வண்டியில் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அவரே மீறினார். நானும் இருந்துவிட்டேன்.

முன்பக்க இடது சக்கரம் ஓடைக்குள் இறங்கியது. பின்பக்க வலது சக்கரம் இன்னும் கரை மேட்டில். வண்டி குறுக்காக ஒரு மாதிரி நெளிவது காலில் தெரிந்தது. அடுத்த நொடி, தலைக்கு மேலே ‘படார்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். நான் அலறினேன். வண்டி நின்றது. கதவை இழுத்தேன், வரவில்லை. அவர் வெளியே இருந்து இழுத்தார், வரவில்லை. சதுரமாக இருந்த கதவுச் சட்டம் சாய்சதுரமாகிக் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துச் சமதளத்தில் நிறுத்தியும் பயனில்லை. கதவுக்கு மேல் மூலை வெல்டிங் பிளந்து, ஷீட் ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இவரும் சேர்ந்து, பின்ஜன்னல் வழியாக என்னை இறக்கினார்கள். 54 வயதில், சேலையோடு, ஜன்னல் வழியாக. முழங்காலில் தோல் உரிந்தது. அழவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். மேடவாக்கம் வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னேன். “28 வருஷம் லாரி பார்த்தேன் பார்த்தேன்னு சொன்னீங்களே.”

அது அவரை எங்கே குத்தும் என்று தெரிந்தே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. லாரியின் மேல் தார்ப்பாய் விழுந்தது. பத்து மாதம்.

அந்தப் பத்து மாதத்தில் அவர் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி போனை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டே இருப்பார். பெங்களூரில் இருக்கும் பெண்ணிடம், ஜெர்மன் லாரி கம்பெனிகள் பாடி கட்டுபவர்களுக்காக வெளியிடுகிற கையேடுகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். என்னிடம் மட்டும் பேச்சில்லை. அவருக்கு வெட்கம். எனக்குக் கோபம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் எப்படி மிதந்தன என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் சம்ப்பைக் கழுவிவிட்டு லாரித் தண்ணீர் சொன்னோம்.

லாரி வந்து வாசலில் நின்றது. தெரு முழுக்கப் பள்ளம். முன் சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கியிருந்தது. குழாய் மாட்டி நீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, வேறு வேலை இல்லாமல் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கேபினுக்குப் பின்னால், டேங்க் உட்கார்ந்திருக்கிற இடத்தில், நீளமான போல்ட். அந்தப் போல்ட்டில் ஒரு தடித்த ஸ்பிரிங். டேங்க்குக்கும் அடியில் இருக்கிற சேஸுக்கும் நடுவே, ஒரு பக்கம் மட்டும், விரல் நுழைகிற அளவு இடைவெளி. மறுபக்கம் இடைவெளியே இல்லை.

“தம்பி, டேங்க் கழண்டுட்டு வருது பாருங்க” என்றேன் பதறி.

டிரைவர் சிரித்தார். “கழலலம்மா. அது அப்படித்தான். வண்டி முறுக்குதுல்ல, டேங்க் முறுக்காது. ஸ்பிரிங் இல்லன்னா டேங்க் கிழிஞ்சிரும். இது முன்ன டீசல் ஓட்டின டேங்க்கு, அப்பவே போட்டது.” எல்லாத் தண்ணீர் லாரியிலும் இப்படி இருப்பதில்லை என்று பிறகு கவனித்தேன். பலவற்றில் நேராக முறுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். டேங்க்கின் அடிமூலையில் வெல்டிங் ஒட்டு மேல் ஒட்டாக இருக்கும். எங்கள் வாசலுக்கு வந்தது மட்டும் அந்த வண்டி.

உள்ளே போய், பத்து மாதத்தில் முதல்முறையாக நானே கூப்பிட்டேன். “ஏங்க, இங்க வந்து இதைக் கொஞ்சம் பாருங்க.”

வந்தார். குனிந்தார். ஈரத் தரையில் மல்லாந்து படுத்தே விட்டார். எழுந்தபோது முதுகெல்லாம் சேறு. “நான் படிச்சிட்டிருந்தது இதேதான்” என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கச் சொன்னார், சுலபமாக முறுகியது. மூடியைப் போட்டு டேப் ஒட்டிவிட்டு முறுக்கச் சொன்னார். முறுகவில்லை. பலமாக முறுக்கினேன், மூலை கிழிந்தது.

“ராணுவ லாரியில பின்னாடி இருக்கிறது திறந்த பெட்டி. பலகை, கம்பி, மேல தார்ப்பாய். சேஸ் முறுக்கினா அதுவும் கூடவே முறுக்கும். 28 வருஷம் நான் பார்த்தது அதைத்தான். நாம வெச்சது மூடின பெட்டி.”

லாரியின் சேஸ் என்பது ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். அது முறுக வேண்டும் என்றேதான் செய்கிறார்கள். மேடுபள்ளத்தில் ஏணி முறுகிக் கொடுத்தால்தான் நான்கு சக்கரமும் மண்ணைத் தொடும். முறுகாத சேஸாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஆக, முறுக வேண்டிய ஏணியின் மேல், முறுகவே முடியாத ஒரு பெட்டியை ஆறு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டோம். இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். பெட்டி தோற்றது. பெட்டி இன்னும் பலமாக இருந்திருந்தால் சேஸ் வெடித்திருக்கும். அது இதைவிட மோசம்.

“அப்ப என்ன வழி?”

“அடுப்புக்கு ஏன் மூணு கல் வைக்கிறோம்?” என்றார்.

நியாயம்தான். தரை எப்படி இருந்தாலும் மூன்று கல்லில் பானை ஆடாது. நான்கு கால் ஸ்டூல்தான் ஆடும். வெளிநாட்டில் யூனிமாக் என்று ஒரு வண்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் விவசாயத்துக்காக உருவாக்கி, பிறகு ராணுவத்துக்கும் போனது. அதன் சேஸ் நன்றாகவே முறுகும். அதில் வீடு கட்டுகிறவர்கள் பெட்டியை மூன்றே இடத்தில் தாங்க வைத்து, அவற்றில் ஒன்றில் ஊஞ்சல் மாதிரி அசையும் முளை வைப்பார்களாம். சேஸ் என்ன ஆட்டம் ஆடினாலும் பெட்டிக்குச் சேதி போகாது.

“அப்ப மூணு கல்லே வைங்களேன்.”

அதில்தான் சிக்கல். மூன்று கல் என்றால் 2,400 கிலோவும் மூன்றே இடத்தில் இறங்கும். இந்த லாரியின் சேஸ் நீளம் முழுக்கப் பரவலாகச் சுமை தாங்கச் செய்தது. மூன்று இடத்தில் அழுத்தினால் அந்த இடங்களில் களைத்துப்போகும். ஊஞ்சல் முளை உட்காரத் தனியாக ஒரு பலமான குறுக்குச் சட்டமும் வேண்டும். அதற்குப் பதில், தண்ணீர் லாரியில் பார்த்த வழி. பெட்டிக்கு அடியில் சப் ஃபிரேம் என்று இன்னொரு ஏணி. அது சேஸின் மேல் நீளவாக்கில் அப்படியே படுத்துக்கொள்ளும். பின்பக்கம் மட்டும் அசையாமல் பிணைப்பு. முன்பக்கம் ஸ்பிரிங் போட்ட போல்ட்டுகள். நல்ல ரோட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடும். பள்ளத்தில் சேஸ் முறுகும்போது, எந்தப் பக்கம் சேஸ் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் ஸ்பிரிங் அமுங்கி, இரண்டுக்கும் நடுவே வாய் திறக்கும். மேடு ஏறினதும் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்ய எட்டு மாதம் ஆனது.

முதலில் சேஸ் எவ்வளவு முறுகுகிறது என்று அளக்க வேண்டும். பெட்டியை இறக்கிவிட்டு, முன் சக்கரம் ஒன்றை மரக்கட்டைகளை அடுக்கி ஏற்றினார். அளக்க என்ன கருவி என்று நினைக்கிறீர்கள்? கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல். தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், மறுமுனையை அவர். பின்பக்கத்தோடு ஒப்பிட்டால், கேபினுக்குப் பின்னால் ஒரு பக்கம் 42 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நோட்டில் எழுதினேன். டீச்சர் கையெழுத்து, பிற்பாடு சண்டை வராது.

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் சேனல் வாங்கி வந்தார். வெல்டிங்குக்கு இந்த முறை வேறு ஆள், பெரும்பாக்கத்துப் பையன், சின்ன வயது, சொன்னால் கேட்பான். அவனுக்கு இவர் போட்ட முதல் கட்டளை: சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது, வெல்டிங் பொறிகூடப் படக் கூடாது. சுமையில் வளையும்போது இழுவையும் அழுத்தமும் அதிகம் தாங்குவது அந்த விளிம்புகள்தான். ஓட்டை வேண்டுமென்றால் நிமிர்ந்து நிற்கிற நடுத்தகட்டில், அதுவும் முடிந்தவரை கம்பெனி ஏற்கெனவே போட்ட ஓட்டைகளிலேயே.

இரண்டாவது கட்டளை எனக்குப் பிடித்தது. சப் ஃபிரேமின் முன் நுனியைச் சாய்வாகச் சீவச் சொன்னார். வெட்டின மாதிரி சதுரமாக விட்டால், அந்த நுனி முடிகிற இடத்தில் சேஸ் திடீரென்று தனியாக வளைய வேண்டியிருக்கும், நாளடைவில் அங்கே விரிசல் விடும். சாய்வாக விட்டால் பலம் மெல்ல மெல்லக் குறையும். மூங்கில் கூடை முடிகிறவர்கள் பட்டையின் நுனியைச் சீவிவிடுவார்களே, அது மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. நம் ஊர் லாரி கட்டுபவர்கள் நடுவில் மரக்கட்டை வைப்பார்கள். நாமக்கல்லிலும் கரூரிலும் எத்தனை தலைமுறையாக வண்டிகளுக்கு உடம்பு கட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் மரம் ஈரம் குடிக்கும். இவர் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை வாங்கி வந்தார். தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் காய் நறுக்கும் பலகையும் அதே பொருள்தான்.

இனி ஸ்பிரிங். இங்கேதான் மறுபடியும் வழுக்கினோம். புதுப்பேட்டைக்குப் போய், ஏதோ வண்டியின் பழைய ஸ்பிரிங் ஆறு பிடித்து வந்தார். நல்ல முரட்டு ஸ்பிரிங். மாட்டிவிட்டு, சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றினால், 20 மில்லிமீட்டர் திறந்ததும் ‘டக்’ என்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிட்டன. அதற்கு மேல் அமுங்க இடமில்லை. இடமில்லாத ஸ்பிரிங்கும் முறுக்கின யு போல்ட்டும் ஒன்றுதான். அதே பழைய கதை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு சொன்னது போதும் என்று தோன்றியது. அவரே, “படிச்சும் புத்தி வரல பாரு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் சுற்றித் தருகிற ஒரு சின்னப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்தோம். 10 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் அமுக்கச் சுமார் 8 கிலோ விசை வேண்டும். முழுக்க அமுக்கினால் 120-ல் முட்டும். அதாவது 80 மில்லிமீட்டர் ஓட்டம். மாட்டும்போதே 15 அமுக்கி வைக்க வேண்டும், அப்போதுதான் சாதா ரோட்டில் பெட்டி துள்ளாது. 15-உம் முறுக்கலின் 42-உம் சேர்ந்தால் 57. இன்னும் 23 கையிருப்பு. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி கடைசி ரூபாய்வரை செலவழிக்காமல் மிச்சம் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து சிக்கனம் பற்றிக் கேட்கிறேன் என்றேன்.

பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு ஸ்பிரிங். ஸ்பிரிங் மேலே கீழே விடும், சரி. பக்கவாட்டில் போய்விடாதா? அதற்கு சேஸின் வெளிப்பக்கம் தடித்த தகடுகள். பெட்டி மேலே எழலாம், இடமோ வலமோ நகர முடியாது. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டோம். பெட்டியிலிருந்து சேஸுக்குப் போகிற தண்ணீர்க் குழாய்க்குத் தொய்வு விட்டுத்தான் இணைப்பு.

என் பங்கு ஒன்று உண்டு. வெல்டிங் பையனுக்கு நட்டு என்றால் முழுப்பலத்தோடு இறுக்கித்தான் பழக்கம். முதல் ஸ்பிரிங்கை அவன் இறுக்கின இறுக்கில் அது பாதியாகிவிட்டது. ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கினால் ஸ்பிரிங்கே போடாததற்குச் சமம். நான் ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து, சரியாக 185 மில்லிமீட்டருக்கு வெட்டி அவன் கையில் கொடுத்தேன். “தம்பி, ஸ்பிரிங் இந்தக் கட்டை உயரத்துக்கு வந்ததும் நிறுத்திடு. பலம் காட்டாதே.” ஆறும் ஒரே உயரம். அதன் மேல் லாக் நட்டு. அந்தக் கட்டை இன்னும் டூல் பாக்ஸில் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கிறோம்.

கிழிந்த மூலையைப் பிரித்துக் கட்டி, புதுக் கண்ணாடி போட்டு, 2024 ஆகஸ்டில் பெட்டி மறுபடி ஏறியது. கட்டை மேல் சக்கரத்தை ஏற்றினார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சேஸ் மெல்ல விலகி, நடுவே கறுப்பாக ஒரு வாய் திறந்தது. மேலே பெட்டி, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ஏறிப் பார்க்கறியா?” என்றார்.

“இங்க வேணாம். அங்க” என்றேன்.

அவருக்குப் புரிந்தது.

மழைக்காலம் போகட்டும் என்று காத்திருந்து, 2025 ஜனவரியில் கிளம்பினோம். அதே வாணியம்பாடி, அதே ஆலங்காயம், அதே வெள்ளைக் குவிமாடம். ஓடையில் போன தடவையைவிடக் கொஞ்சம் தண்ணீர் அதிகம். இந்த முறை நான் கேபினில், பெல்ட் போட்டுக்கொண்டு. இடது சக்கரம் இறங்கியது. வண்டி அதே மாதிரி குறுக்காக நெளிந்தது. என் கை தானாக டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. சத்தம் எதுவும் வரவில்லை. பின்னால் எங்கோ பாத்திரம் ஒன்று உருண்டது, அவ்வளவுதான். மிகச் சரியாக அதே இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தார்.

நான் இறங்கினேன். கணுக்கால் தண்ணீர், ஜில்லென்று இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து, பெட்டியின் படியில் ஏறிக் கதவை இழுத்தேன். திறந்தது. உள்ளே போய்ச் சாத்தினேன். ஸ்டாலியன் கோணலாக நின்றதால் பெட்டியும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் கீறல் இல்லை. உள்ளே இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தது. சிறிது நேரம் அப்படியே நின்றேன். வெளியே அவர் தண்ணீரில் நிற்கிற சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை, தட்டவில்லை.

உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினேன். கதவு திறந்தது. மறுபடி சாத்தி, மறுபடி திறந்தேன்.

“பாரமுல்லாவுக்கு எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டேன்.

“டெல்லிக்குள்ள போக வேணாம். பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு அங்க தொல்லை. சுத்திக்கிட்டுப் போனா, நிதானமா, பதினஞ்சு நாள்.”

“சரி, கால் நனையுது, உள்ள வாங்க. டீ போடறேன்” என்றேன்.